சிட்டையிலிருந்து பேரேட்டுக்கு: கணிப்பொறியில் சரக்குப் பட்டியலைக் கிளை பிரிக்கும் முறை

கடையில் கணிப்பொறி வைத்துள்ள நமது உறுப்பினர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள் மூன்று. "எக்ஸெல்லில் இருந்த விலைப் பட்டியலைப் புதிய பில்லிங் புரோகிராமில் ஏற்றினோம், சில சரக்குகளைக் காணோம்" என்பது ஒன்று. "மிளகாய்த்தூள் இரண்டு இடத்தில் வருகிறது, இருப்பும் இரண்டாகப் பிரிந்து நிற்கிறது" என்பது இன்னொன்று. "ஒரே பில்லில் இரண்டு வரி விகிதம் இருந்தது, ரிட்டர்னில் ஒன்றுதான் போயிருக்கிறது" என்பது மூன்றாவது. கேட்பதற்கு மூன்று வியாதிகள் போலத் தோன்றினாலும் வேர் ஒன்றே. வரிவரியாக எழுதிய பட்டியலைக் கிளை கிளையாக மாற்றும்போது நேரும் பிழைகள்தாம் இவை. புரோகிராம் எழுதுகிறவர் வேறொருவராக இருக்கலாம். பணம் நம்முடையது. ஆகவே அந்த மாற்றம் எப்படி நடக்கிறது என்பதைக் கடைக்காரரும் அறிந்திருப்பது நல்லது என்று கருதி இந்தப் பாடத்தை எழுதுகிறோம்.

சிட்டையும் பேரேடும்

இது நமக்குப் புதிய சங்கதி அல்ல. நம் பெரியவர்கள் நாள்தோறும் சிட்டை எழுதினார்கள். நடந்தது நடந்தபடி, ஒன்றன்கீழ் ஒன்றாக. சிட்டையில் ஒவ்வொரு வரியும் தனித்து நிற்கும். தேதி, ஆள் பெயர், சரக்கு, தொகை எல்லாம் அந்த வரியிலேயே இருக்கும். ஒரே ஆள் பத்து முறை வாங்கினால் அவர் பெயரும் பத்து முறை வரும். இரவில் கணக்குப்பிள்ளை அதைப் பேரேட்டில் ஏற்றுவார். பேரேட்டில் அந்த ஆளுக்கு ஒரே பக்கம், பெயர் ஒரே முறை. அதன்கீழ் அவருடைய பற்று வரவு எல்லாம் வந்து சேரும்.

கணிப்பொறிக்காரர்கள் 'டிக்‌ஷனரி' என்று சொல்லும் அமைப்பு, ஒரு பெயரும் அதற்கு நேராக ஒரு மதிப்பும் கொண்டது. டப்பாவின் மேல் ஒட்டிய சீட்டுதான் பெயர், உள்ளே இருப்பதுதான் மதிப்பு. பெயர் எல்லாம் ஒரே நீளமான வரிசையில் இருந்தால் அது சிட்டை. ஒரு டப்பாவுக்குள் இன்னும் சில டப்பாக்கள், அவற்றுக்குள் மேலும் சில என்று அடங்கியிருந்தால் அது பேரேடு. முதல் வகையை இரண்டாம் வகையாக மாற்றுவதே நமது பாடம்.

மளிகைக் கடையின் விலைப் பட்டியலையே எடுத்துக்கொள்வோம். பெயரின் பகுதிகளைப் புள்ளி வைத்துப் பிரித்து எழுதியிருக்கிறோம். கடைசியில் உள்ளது கிராம் கணக்கு. விலைகள் எடுத்துக்காட்டுக்கு மட்டுமே.

பருப்பு.துவரை.500 = 85
பருப்பு.துவரை.1000 = 165
பருப்பு.உளுந்து.500 = 75
மசாலா.மிளகு.100 = 98

இதையே கிளை பிரித்தால் இப்படி வரும்:

பருப்பு
— துவரை
— — 500: 85
— — 1000: 165
— உளுந்து
— — 500: 75
மசாலா
— மிளகு
— — 100: 98

இதனால் என்ன லாபம் என்று கேட்பவர்கள் உண்டு. துவரம்பருப்பு கிலோவுக்கு மூன்று ரூபாய் ஏறிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். கிளை பிரித்த பட்டியலில் 'பருப்பு', அதற்குள் 'துவரை' என்று போய், அதன்கீழ் உள்ளவற்றை மட்டும் மாற்றினால் போதும். வரிப் பட்டியலில் பெயரைத் தேடிப் பிடிக்க வேண்டும். 'மிளகு' என்று தேடி விலையை ஏற்றிய ஒரு நண்பர் கடையில் மிளகு அப்பளமும் சேர்ந்து ஏறிப்போனது. வாடிக்கையாளர் கேட்ட பிறகே தெரிந்தது.

அதற்காக வரிப் பட்டியல் மட்டமானது என்று நாம் சொல்லவில்லை. சரக்கு எண்ணும்போது கையில் வைத்துக்கொள்ளவும், புதிதாகப் பதியவும், அச்சிடவும் அதுவே வசதி. சிட்டை இல்லாமல் பேரேடு ஏது?

மாற்றும் வழி

கடைக்குப் புதிதாக வந்த பையனிடம் ஒரு மூட்டைச் சீட்டுகளைக் கொடுத்து அடுக்கச் சொல்கிறோம். சீட்டில் 'பருப்பு.துவரை.500 = 85' என்று இருக்கிறது. அவனுக்கு நாம் சொல்ல வேண்டியது இவ்வளவுதான். புள்ளி கண்ட இடத்திலெல்லாம் பெயரை வெட்டு. முதல் துண்டு 'பருப்பு'. அந்தப் பெயரில் அலமாரி இருக்கிறதா பார். இருந்தால் அதையே திற. இல்லாவிட்டால் புதிதாக ஒன்று வைத்துப் பெயரை ஒட்டு. உள்ளே போய் 'துவரை' என்ற தட்டுக்கும் அதே கேள்வி. கடைசித் துண்டு வந்ததும் அலமாரி வைக்காதே, விலையை வை. பிறகு வெளியே வந்து அடுத்த சீட்டை எடு.

பைத்தான் என்ற கணிப்பொறி மொழியில் பெயரை வெட்ட 'ஸ்ப்ளிட்' என்ற கட்டளை இருக்கிறது. 'இருந்தால் திற, இல்லாவிட்டால் வை' என்பதற்கு 'செட்-டிஃபால்ட்' என்ற கட்டளை இருக்கிறது. இரண்டையும் சேர்த்தால் ஐந்தாறு வரிகளில் புரோகிராம் முடிந்துவிடும்.

இதில் உயிரான சொல் 'இருந்தால் அதையே திற' என்பதுதான். புதிதாகப் புரோகிராம் எழுதுகிறவர்கள் ஒவ்வொரு சீட்டுக்கும் புது அலமாரி வைத்துவிடுவார்கள். அதே பெயரில் புதிது வந்தால் பழையது போய்விடும். மேலே உள்ள பட்டியலில் உளுந்துக்காகப் புதுப் 'பருப்பு' அலமாரி வந்தவுடன் துவரை இரண்டும் காணாமல் போகும். கணிப்பொறி ஒரு முணுமுணுப்பும் செய்யாது.

சீட்டில் இருக்கும் கோளாறுகள்

வழி சரியாக இருந்தாலும் சீட்டு சரியாக இருக்க வேண்டும். எங்கள் அனுபவத்தில் பாதிக்குமேல் தொல்லை சீட்டில்தான்.

'எண்ணெய்.கடலை.1.5' என்று ஒன்றரை லிட்டர் டின்னை எழுதியிருந்தோம். புரோகிராம் புள்ளி கண்ட இடத்தில் வெட்டியது. கடலை எண்ணெய்க்குள் '1' என்று ஒரு தட்டு, அதற்குள் '5' என்று ஒரு டின்! ஒரு லிட்டர் பாக்கெட்டின் விலையும் அதே '1' என்ற பெயரில் நின்றதால் இரண்டும் மோதிக்கொண்டன. இதற்கு எளிய வழி, கிலோ லிட்டரை விட்டுவிட்டுக் கிராம், மில்லி என்று எழுதுவது. 1500 என்றால் புள்ளி வராது. சிலர் புள்ளிக்குப் பதில் சாய்கோடு போடுகிறார்கள். அதுவும் சரியே, ஆனால் பில் எண்ணைப் பெயரில் சேர்க்கும்போது கவனம் தேவை. ஜி.எஸ்.டி. விதிப்படி பில் எண்ணில் எழுத்து, இலக்கம் தவிரச் சாய்கோடும் சிறுகோடும் வரலாம், மொத்தம் 16 எழுத்துகளுக்கு மிகக்கூடாது. '24-25/118' என்று நம்மில் பலர் எழுதுவதால் சாய்கோடும் பிரிக்கும் குறியாகிவிட்டால் பில் எண் இரண்டாக உடையும். பெயரில் ஒருபோதும் வராத குறி எதுவோ அதைத் தேர்ந்தெடுத்து, அதை எல்லாரும் அறிய எழுதி ஒட்டிவிட வேண்டும்.

அடுத்தது எழுத்துப் பிழை. 'மிளகாய்த்தூள்', 'மிளகாய்தூள்', 'மிளகாய் தூள்' மூன்றும் நமக்கு ஒன்று. கணிப்பொறிக்கு மூன்று டப்பா. பெயருக்குப் பின்னால் ஓர் இடைவெளி தட்டப்பட்டிருந்தாலும் அது வேறு பெயரே. இவற்றையாவது கண்ணால் பிடிக்கலாம். பிடிக்க முடியாத ஒன்றும் தமிழில் உண்டு. 'கொத்தமல்லி'யின் முதல் எழுத்தாகிய 'கொ'வை யூனிகோடு முறையில் இரண்டு விதமாகப் பதியலாம். 'க'வும், ஒகரக் குறி ஒரே குறியாகவும் வரலாம்; அல்லது 'க'வும், ஒற்றைக் கொம்பும் காலும் தனித்தனிக் குறிகளாகவும் வரலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். ஆனால் கணிப்பொறிக்குள் அவை வேறு வேறு. ஒரு பட்டியலை வீட்டில் ஒரு கீபோர்டிலும் மற்றொன்றைக் கடையில் வேறொரு கீபோர்டிலும் தட்டச்சு செய்தால் இப்படி நேரக்கூடும். 'நார்மலைஸ்' என்ற கட்டளை எல்லாவற்றையும் ஒரே முறைக்குக் கொண்டுவந்துவிடும். பட்டியலை வெட்டுவதற்கு முன்பே இதைச் செய்யும்படி புரோகிராம் எழுதுகிறவரிடம் கட்டாயம் சொல்லி வையுங்கள்.

மூன்றாவது கோளாறு பூஜ்யம். எச்.எஸ்.என். எண் உண்மையில் ஒரே மூச்சில் எழுதிய கிளைப் பட்டியல்தான். உலகச் சுங்க அமைப்பின் இந்த முறை 1988 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ளது. முதல் இரண்டு இலக்கம் அத்தியாயம், நான்கு வரை தலைப்பு, ஆறு வரை உட்தலைப்பு. இந்தியாவில் எட்டு இலக்கம் வரை நீள்கிறது. 090411 என்றால் 09 காபி, தேயிலை, மசாலா அத்தியாயம். 0904 மிளகு, மிளகாய்த் தலைப்பு. 090411 பொடிக்காத மிளகு. பொடித்த மிளகு 090412. பிரிக்கப் புள்ளி கூடத் தேவையில்லை, இரண்டிரண்டாக எண்ணி வெட்டினால் போதும். 2021 ஏப்ரல் 1 முதல், பதிவு பெற்ற வணிகருக்கு எழுதும் பில்லில், ஆண்டு விற்றுமுதல் 5 கோடி ரூபாய் வரை உள்ளவர்கள் நான்கு இலக்கமும் அதற்கு மேற்பட்டவர்கள் ஆறு இலக்கமும் எழுத வேண்டும்.

எக்ஸெல் கட்டத்தில் 0904 என்று தட்டினால் அதை எண் என்று எண்ணி, முன்னால் உள்ள பூஜ்யத்தைத் தள்ளி 904 என்று வைத்துக்கொள்ளும். புரோகிராம் இரண்டிரண்டாக வெட்டினால் கிடைப்பது 90. அது மூக்குக்கண்ணாடி, அளவைக் கருவிகள், மருத்துவக் கருவிகள் அடங்கிய அத்தியாயம். மிளகு போய்க் கண்ணாடிக் கடையில் உட்கார்ந்துகொள்ளும். பருப்பு வகைகளுக்குரிய 0713 இன்னும் வேடிக்கை. பூஜ்யம் போனால் 713, வெட்டினால் 71. அந்த அத்தியாயம் முத்து, ரத்தினம், தங்கம், வெள்ளி! விலைவாசியைப் பார்த்தால் பருப்புக்கு அதுவே பொருத்தம் என்று சிலர் சொல்லக்கூடும், வரி அலுவலர் சொல்லமாட்டார். அரிசி 1006, சர்க்கரை 1701. முன்னால் பூஜ்யம் இல்லாததால் இவை தப்பிவிடும். பாதி சரியாக வருவதைப் பார்த்து முழுதும் சரி என்று நம்பி ஏமாறுவதும் இதனால்தான். எண்களை ஏற்றும் முன் அந்தக் கட்டத்தை 'டெக்ஸ்ட்' என்று மாற்றிவிட்டுத் தட்டினால் பூஜ்யம் நிற்கும்.

118-ஆம் எண் பில்

ஜி.எஸ்.டி. விற்பனை ரிட்டர்னான ஜி.எஸ்.டி.ஆர்.-1 இதே வேலைதான். நாம் கொடுப்பது வரிவரியான எக்ஸெல். தளத்தில் ஏறுவது ஜேசான் என்னும் அடுக்கு வடிவக் கோப்பு. அதில் மேலே நமது எண்ணும் மாதமும், அடுத்த படியில் வாங்கியவர் ஒவ்வொருவரின் ஜி.எஸ்.டி. எண், அதற்குள் அவருக்கு எழுதிய பில்கள், ஒவ்வொரு பில்லுக்குள்ளும் வரி விகிதவாரியான தொகைகள். ஜி.எஸ்.டி. தளத்தில் இலவசமாகக் கிடைக்கும் ஆஃப்லைன் டூல் இந்த மாற்றத்தைச் செய்து கொடுக்கிறது. பில்லிங் புரோகிராம்களும் செய்கின்றன. வீட்டுப் பிள்ளைகள் எழுதிய சிறு புரோகிராம்களும் செய்கின்றன. எங்களுக்குத் தொல்லை வந்தது அந்தக் கடைசி வகையில்.

பக்கத்து ஊர் மளிகைக்காரர் ஒருவர் எங்களிடம் மொத்தமாக வாங்குகிறவர். 118-ஆம் எண் பில்லில் மசாலா 20,000 ரூபாய், வரி 5 சதவீதம். சலவைத் தூள் 10,000 ரூபாய், வரி 18 சதவீதம். மசாலாவுக்கு வரி 1,000, சலவைத் தூளுக்கு 1,800. பில் மொத்தம் 32,800. எக்ஸெல்லில் இது இரண்டு வரி. இரண்டிலும் அவர் எண், பில் எண், தேதி, பில் மொத்தம் 32,800 எல்லாம் திரும்ப வந்திருக்கும், விகிதமும் தொகையும் மட்டும் மாறும்.

எங்கள் அண்ணன் மகன் எழுதிய புரோகிராம் வாங்கியவர் எண்ணுக்குள் போனது, பில் எண்ணுக்குள் போனது, அங்கே தொகையை வைத்தது. முதல் வரியின் 5 சதவீதம் உட்கார்ந்தது. இரண்டாம் வரி வந்ததும் அதே பில் எண், அதே இடம். 5 சதவீதத்தைத் தள்ளிவிட்டு 18 சதவீதம் உட்கார்ந்துகொண்டது. ரிட்டர்ன் போய்விட்டது. அடுத்த மாதம் மத்தியில் அவர் போன் செய்தார். "அண்ணாச்சி, உங்க பில்லுல மசாலா வரி ஆயிரம் ரூவா எங்க ரெண்டு-பி-யில ஏறலையே. ஆடிட்டர் இன்புட் எடுக்க முடியாதுன்னு சொல்றாரு" என்றார். அந்த ஆயிரம் ரூபாயைப் பிடித்துக்கொண்டுதான் பாக்கியைக் கொடுத்தார். அவர் செய்தது நியாயமே. ரிட்டர்னில் வராத பில்லுக்கு அவருக்கு இன்புட் கிரெடிட் கிடையாது. அடுத்த ரிட்டர்னில் திருத்தப் பகுதியில் அந்தப் பில்லைச் சரிசெய்து போட்டோம். அவர் கணக்கில் ஏறியதும் பணம் வந்தது. ஒரு மாதத்துக்கு மேல் ஆயிரம் ரூபாயும், அதைவிடப் பெரிதாக நம் பேரும் அவரிடம் அடகில் இருந்தன.

இதற்கு நேர் எதிரான பிழையும் உண்டு. பில் மொத்தமாகிய 32,800 இரண்டு வரியிலும் இருப்பதால், கண்ணை மூடிக்கொண்டு அந்தப் பத்தியைக் கூட்டினால் 65,600 வரும். பில்லுக்கு ஒருமுறை மட்டும் சொந்தமான தொகை மேல்படியில் ஒருமுறை நிற்க வேண்டும். விகிதத்துக்குச் சொந்தமானது கீழ்ப்படியில் நிற்க வேண்டும். எந்தச் செய்தி எந்தப் படிக்குச் சொந்தம் என்று முதலிலேயே காகிதத்தில் எழுதிவைத்தால் இந்தக் குழப்பம் வராது.

ஒரே பெயர் இரண்டாம் முறை வந்தால் என்ன செய்வது என்பதையும் கணிப்பொறியின் விருப்பத்துக்கு விடலாகாது. விலைப் பட்டியலில் ஒரே பெயர் இரண்டு முறை வந்தால் அது தவறு. புரோகிராம் நின்று நம்மைக் கேட்க வேண்டும். ஒரே பில்லில் 5 சதவீதத்தில் மஞ்சளும் மிளகும் இருந்தால், விகிதவாரியாகத் தொகையைக் கூட்ட வேண்டும். வெவ்வேறு விகிதம் என்றால் இரண்டையும் அடுத்தடுத்து வைக்க வேண்டும். கொள்முதல் பதிவேட்டில் இன்னொன்று. இரண்டு மண்டிக்காரர்கள் ஒரே 118 என்ற எண்ணில் பில் போடலாம். பில் எண்ணை மட்டும் பெயராக வைத்தால் ஒருவர் சரக்கு மற்றவர் கணக்கில் விழும். அனுப்பியவர் எண் மேல்படியிலும் பில் எண் அதன்கீழும் இருந்தால் இரண்டு 118-ம் தத்தம் பக்கத்தில் இருக்கும்.

இலையும் கிளையும்

ஒரே பெயரை விலையாகவும் அலமாரியாகவும் வைக்க முடியாது. முன்பு நல்லெண்ணெயைச் சில்லறையாக ஊற்றி விற்றபோது 'எண்ணெய்.நல்லெண்ணெய் = 380' என்று ஒரே வரி இருந்தது. பாக்கெட் வந்த பிறகு 'எண்ணெய்.நல்லெண்ணெய்.200', '.500', '.1000' என்று மூன்று வரிகள் சேர்ந்தன. பழையதை யாரும் அடிக்கவில்லை. இப்போது நல்லெண்ணெய் என்பது விலை எழுதிய சீட்டா, மூன்று பாக்கெட் உள்ள தட்டா?

பழைய வரி பட்டியலில் மேலே இருந்தால் புரோகிராம் 380 என்ற எண்ணுக்குள் தட்டு வைக்கப் பார்த்து, முடியாமல் பிழை காட்டி நின்றுவிடும். அது நல்லது. பழைய வரி கீழே இருந்தால், மூன்று பாக்கெட்டும் அடுக்கிய பிறகு வந்து, அந்தத் தட்டையே தூக்கி எறிந்துவிட்டு 380 என்று உட்கார்ந்துகொள்ளும். சத்தமே இல்லை. தகராறு செய்து நிற்கும் புரோகிராமைக் கண்டு எரிச்சல்பட வேண்டாம்; பேசாமல் விழுங்கும் புரோகிராமைத்தான் சந்தேகிக்க வேண்டும். இரண்டு வரிகளையும் வைத்துக்கொள்ள வேண்டுமானால் பழையதற்கு 'எண்ணெய்.நல்லெண்ணெய்.சில்லறை' என்று ஒரு படி கூட்டிவிட்டால் தகராறு தீர்ந்தது.

சரிபார்ப்பது எப்படி?

கணக்குப்பிள்ளைகள் பேரேட்டில் ஏற்றிய பிறகு சிட்டையோடு ஒத்துப் பார்ப்பார்கள். அதேபோலக் கிளை பிரித்த பட்டியலை மறுபடியும் வரிப் பட்டியலாகப் பிரித்து எழுதச் சொல்லுங்கள். மேலிருந்து கீழே ஒவ்வொரு தட்டாகப் போய், கடந்து வந்த பெயர்களைப் புள்ளி வைத்துச் சேர்த்தால் பழைய வரி திரும்பக் கிடைக்கும். முன்பு எத்தனை வரி, இப்போது எத்தனை வரி, தொகைகளின் கூட்டல் ஒத்திருக்கிறதா என்று பார்க்க ஒரு நிமிடம் போதும். இதைச் செய்து காட்டாத எந்தப் புரோகிராமுக்கும் பணம் கொடுக்காதீர்கள் என்பது நமது கருத்து.

எங்கள் கடைப் பட்டியலை இப்படிச் சோதித்தபோது போனது 412 வரி, திரும்பி வந்தது 408. காணாமல் போன நான்கில் மூன்று நல்லெண்ணெய்ப் பாக்கெட்டுகள். நான்காவது 'மசாலா.சீரகம்.100'. இரண்டு முறை பதிந்திருந்தது, ஒன்றில் 42, மற்றொன்றில் 48. கணிப்பொறி இரண்டாவதாக வந்த 42-ஐ வைத்துக்கொண்டது. எது சரி என்று அதற்குத் தெரியாது. அலமாரிக்குப் போய்ப் பாக்கெட்டை எடுத்துப் பார்த்தோம். 48.